ஓடை நீரும் அயலான் பெயரும்

ஓடையில் இறங்கி ஒரு போத்தல் நீரை மொண்டு, அதன் தன்மையைச் சோதித்து, கொப்பியொன்றில் நாளும் இடமும் குறித்து வைப்பது பெரிய காரியமன்று. பாடசாலையில் சிறிது இரசாயனம் பயின்ற எவனும் எவளும் அதைச் செய்யலாம். அமிலமா காரமா என்றறிய நிறம் மாறும் தாள் போதும். குளத்து நீரின் கலங்கலை அளக்க, வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் போதும். இத்தாலியப் பாதிரியாரும் வானியலறிஞருமான செக்கி 1865இல் கடலிலே செய்து பார்த்த வழி அது. மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க 1982இல் இந்திய ஆய்வாளர்கள் வகுத்த முறை இன்னும் எளிது. மருந்தூட்டிய தாள் வைத்த போத்தலில் நீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்திருந்தால், நீர் கறுத்துப் போவதே சாட்சி. இவையொன்றும் கைவசமில்லாதவன் ஓடைக் கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். வாலில் மயிரிழைகள் நீண்ட மெல்லிய புழுக்களும், மணலைக் கோத்துக் கூடு கட்டி அதனுள்ளே வாழும் புழுக்களும் கல்லடியில் நிறைந்திருந்தால் நீர் பெரும்பாலும் நலமாயிருக்கிறது. அவை மறைந்து, சேற்றில் நெளியும் இரத்தச் சிவப்புப் புழுக்கள் மட்டும் எஞ்சியிருந்தால் நீரிலே உயிர்வாயு குன்றிவிட்டது.

ஊராரே தம் ஓடைகளை இவ்வாறு கண்காணிக்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் 1960களின் இறுதியிலிருந்து பரவி, பின்னர் பல நாடுகளிலும் வேரூன்றியது. மாத்தளை மாவட்டத்துக் கலேவெலயில் ஆசிரியரும் மாணவரும் இதைச் செய்ய முன்வந்தால் அது சரியான செயலாகுமா என்பதே இங்கு நான் விசாரிக்க விரும்பும் கேள்வி. நல்ல காரியத்துக்கு என்ன விசாரணை என்று சிலர் கேட்கக்கூடும். நல்லதென்று எல்லாரும் தலையாட்டும் காரியங்களைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கலேவெலயை ஏன் எடுத்துக்கொள்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்த இவ்வூரின் ஓடைகள் கலா ஓயா வடிநிலத்தைச் சேர்ந்தவை. தம்புலு ஓயா, மிரிஸ்கோனி ஓயா முதலியவற்றின் நீர் வடக்கே கலாவெவயில் சேர்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய அந்தக் குளத்திலிருந்து 54 மைல் நீளமான ஜயகங்கை என்னும் கால்வாய் அனுராதபுரத்துத் திஸ்ஸவெவக்கு நீர் கொண்டு செல்கிறது. ஆறோ மேற்கே திரும்பி, வில்பத்துக் காட்டின் தெற்கெல்லையைத் தொட்டுக் கடலை அடைகிறது. ஆகவே கலேவெலயில் ஒருவன் தன் தோட்டத்து வடிகாலில் எதைக் கரைக்கிறானோ அது கலேவெலயோடு முடிவதில்லை. முகமறியாத ஒருவனுடைய வயலிலும் கிணற்றிலும் அது போய் நிற்கக்கூடும்.

முற்போக்கு எண்ணமுடைய ஆசிரிய நண்பர் ஒருவரிடம் இதைப்பற்றிப் பேசியபோது அவர் முகஞ்சுளித்தார். “நீரைச் சோதிப்பது அரசின் கடமை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை இருக்கிறது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார். உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கட்டுகிற மக்கள், கூலியில்லாமல் இந்த வேலையையும் தாமே செய்ய வேண்டுமா? நாம் போத்தலைத் தூக்கினால் அரசு கையைக் கழுவிவிடும்” என்றார்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கூலியில்லா உழைப்பின் வரலாறு இந்நாட்டில் நீரோடு பின்னிக் கிடக்கிறது. கண்டி இராச்சியத்தில் குளமும் வாய்க்காலும் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் பேணப்பட்டன. 1832இல் ஆங்கில அரசு அதை ஒழித்தது. அடிமை ஊழியம் ஒழிந்தது நன்மையே. ஆயினும் அணைக்கட்டைத் திருத்தும் பொறுப்பு யாருடையது என்பதற்கு அவ்வரசு பல ஆண்டுகள் விடை சொல்லவில்லை. கிராமத்து நீர்ப்பாசன வழக்கங்களுக்கு உயிரூட்ட 1856இல்தான் ஒரு சட்டம் வந்தது. நூறாண்டு கழித்து, 1958இல், பிலிப் குணவர்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் பழைய வட்டவிதானை முறையை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. அதே ஆண்டில், குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ கிராமத்தில், கொழும்பிலிருந்து சென்ற ஆசிரியரும் மாணவரும் தம் உழைப்பைத் தானமாகக் கொடுத்த சிரமதானத்திலிருந்து சர்வோதய இயக்கம் பிறந்தது. ஒன்றில் கமக்காரன் உரிமையோடு குழுவில் அமர்ந்தான். மற்றதில் நகரத்தான் அன்போடு மண்வெட்டி பிடித்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நான் ஒருப்படேன். எனினும், தானமாக வரும் உழைப்பு எத்துணை அன்புடையதாயினும் உரிமையாக வரவேண்டிய ஒன்றின் இடத்தை அடைத்துக்கொள்ளக்கூடும் என்று நண்பர் அஞ்சுவதில் நியாயமிருக்கிறது.

ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். அரசு அளப்பதும் அளக்காததும், அளந்ததை வெளியிடுவதும் வெளியிடாததும், மக்கள் கேட்கத் தெரிந்தவர்களா என்பதைப் பொறுத்தே அமைகின்றன. சுன்னாகத்தை எடுத்துக்கொள்வோம். மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதப்பதை அங்குள்ள மக்கள் தம் கண்ணாலும் மூக்காலும் அறிந்தனர். 2014, 2015இல் அது பெருங்கிளர்ச்சியாயிற்று. ஒரு நிபுணர் குழு ஆபத்தில்லை என்றது. வேறு அரச நிறுவனங்களின் சோதனைகள் எண்ணெயும் கிரீசும் வரம்பு மீறியிருப்பதைக் காட்டின. இறுதியில் பொதுநலம் கருதித் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை வழக்கொன்றில், 2019 ஏப்ரலில், உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்று இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. ரத்துபஸ்வெலயில் 2013 ஆகஸ்ட் முதலாந் திகதி, கிணற்று நீர் கெட்டுவிட்டதென்று வீதிக்கு வந்த மக்கள்மீது இராணுவம் சுட்டது. மூவர் மாண்டனர், அவர்களுள் பாடசாலை மாணவனும் இருந்தான். நல்ல நீர் வேண்டுமென்று கேட்பது இந்நாட்டில் உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்ததுண்டு. அத்தகைய நாட்டில் ‘அது அரசின் வேலை’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது புரட்சிகரமாகத் தோன்றினும், முடிவில் அரசுக்கே வசதியான நிலை.

தமிழ்நாட்டுக் கடலூரில் நடந்ததும் இங்கு நினைக்கத்தக்கது. அங்கே நீரையன்று, காற்றை அளந்தார்கள். சிப்காட் தொழிற்பேட்டையின் அயற்கிராமத்தவர் 2004இல் பயிற்சி பெற்று, எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, எத்தகைய நாற்றம் வந்தது என்று நாட்குறிப்பு எழுதத் தொடங்கினர். கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அயலார் 1990களில் கைக்கொண்ட முறையிலே, வாளிக்குள் பொருத்திய பையொன்றில் காற்றைப் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினர். ‘ஏதோ நாறுகிறது’ என்று முன்னர் அவர்கள் சொன்னபோது அது முறைப்பாடாகவே மதிக்கப்பட்டது. இரசாயனங்களின் பெயர்களோடு சொன்னபோது அது சாட்சியமாயிற்று.

கடலூரில் அறக்கணக்கு எளியது. அளப்பவன் பாதிக்கப்பட்டவன், அளக்கப்படுவது ஆலை. சுன்னாகத்திலும் அப்படியே. கலேவெல அப்படிப்பட்ட ஊரன்று.

இங்கே ஓடைக்கரையில் நின்று போத்தலை நிரப்பும் மாணவன் அண்ணாந்து பார்த்தால் அவன் காண்பது புகைபோக்கியை அன்று. தன் தகப்பனின் வெங்காயப் பாத்தியையும், சிற்றப்பனின் மிளகாய்த் தோட்டத்தையும், அடுத்த வளவுக்காரரின் கிணற்றையுமே. பெரிய வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் பெயர்பெற்ற நிலம் இது. சிறுபோகத்தில், ஓடைகள் மெலியும் காலத்தில், அகன்ற விவசாயக் கிணறுகளிலிருந்து பம்பி வைத்து இறைத்துப் பயிரிடுகிறார்கள். ஏக்கரொன்றுக்கு எவ்வளவு பசளை போதுமென்று விவசாயத் திணைக்களம் சொல்கிறது. எவ்வளவு போட்டால் பயம் தீருமென்று கடன் சொல்கிறது. விதைக்கும் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் கடனாகக் கொடுத்தவரே பல வேளைகளில் விளைச்சலையும் வாங்குபவர். அறுவடை வரும் வேளையில் வெளிநாட்டு வெங்காயம் வந்திறங்கினால் விலை விழும். இந்நிலையில் ஒரு மூட்டை கூடப் போடுகிற கமக்காரனைப் பேராசைக்காரன் என்று கூறுபவர், அவனுடைய கடன் கொப்பியைப் புரட்டிப் பார்க்காதவர்.

இந்தக் கிராமத்தில் நம் மாணவன் சோதனை செய்கிறான். நைத்திரேற்று கூடியிருப்பதாகக் கருவி காட்டுகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மீறினால் முதலில் பாதிக்கப்படுவது போத்தற்பால் குடிக்கும் கைக்குழந்தை. அந்த எண்ணைக் கொப்பியில் எழுதுகிறான். அதன் பக்கத்தில் யாருடைய பெயரை எழுதுவான்? மேட்டிலுள்ள தோட்டத்துக்காரர் வந்து, “தம்பி, நீங்க ஓடைத் தண்ணிய அளக்குறீங்க, சரி. என்ட கடனையும் அந்தக் கருவியால அளந்து காட்ட ஏலுமா?” என்று கேட்டால் அவன் என்ன விடை சொல்வான்?

இதைவிடக் கூர்மையான ஒன்று இருக்கிறது. தொண்டனின் கைக்கு எட்டும் மலிவான கருவி எதைக் காண்கிறது? நைத்திரேற்றை, பொசுபேற்றை, அமிலத்தன்மையை, மலக்கிருமியைக் காண்கிறது. அதாவது ஏழையின் பசளை மூட்டையை, குழிமலகூடத்தை, ஓடையில் இறங்கிய மாட்டைக் காண்கிறது. கிருமிநாசினியின் எச்சத்தையோ கட்மியம் போன்ற உலோகத்தையோ நுண்ணளவில் காண, பெரிய ஆய்வுகூடமும் விலையுயர்ந்த பொறியும் பயிற்சிபெற்ற இரசாயனவியலாளரும் வேண்டும். ஆகவே தொண்டர்களின் கொப்பி நிறைய நிறையச் சிறியவனின் குற்றம் எண்ணாக வளர்ந்துகொண்டே போகும். அந்த மருந்தை இறக்குமதி செய்தவன், விளம்பரப்படுத்தியவன், கடனாக விற்றவன் ஆகியோரின் பங்கு வெற்றிடமாகவே இருக்கும். வெற்றிடத்தைக் காண்பவர்கள் அங்கே ஒன்றுமில்லை என்று நினைப்பார்கள். பொய் சொல்லாத கருவியொன்றைக்கொண்டு முழுப் பொய்யான சித்திரமொன்றைத் தீட்டிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. விஞ்ஞானம் நடுநிலையானது என்று வகுப்பறையில் சொல்லிக் கொடுக்கும் நாம், கருவியின் விலை நடுநிலையானதா என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இலண்டனில் 1854ஆம் ஆண்டு நடந்ததொன்று இங்கு வழிகாட்டுகிறது. சோஹோப் பகுதியில் வாந்திபேதி பரவிச் சில வாரங்களுக்குள் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். புரோட் வீதிக் குழாய்க் கிணற்று நீரே காரணமென்று டாக்டர் ஜோன் ஸ்னோ கண்டார். செப்டெம்பர் எட்டாந் திகதி அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இதுவரை பாடப்புத்தகம் சொல்லும். ஸ்னோவின் கருத்தை நம்பாத ஹென்றி வைற்ஹெட் என்ற இளம் பாதிரியார் அதைப் பொய்யென்று நிறுவ வீடுவீடாகச் சென்றதைப் பாடப்புத்தகங்கள் பெரிதாகச் சொல்வதில்லை. அவர் மருத்துவருமல்லர், அரச ஊழியருமல்லர். அத்தெருவின் மக்களை முகமறிந்தவர். யார் எந்த நீரைக் குடித்தார் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் கேட்டுக் கேட்டு, முடிவில் ஸ்னோ சொன்னதே உண்மையென்று ஒப்புக்கொண்டார். அதோடு நில்லாமல், கிணறு எப்படிக் கெட்டது என்பதற்கும் தடயம் கண்டார். 40ஆம் இலக்க வீட்டில் ஐந்து மாதக் குழந்தையொன்று முதலில் நோயுற்று இறந்திருந்தது. அதன் தாய் துணிகளை அலசிய நீரை வீட்டு முன்னிருந்த மலக்குழியில் ஊற்றியிருந்தாள். அக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடி தூரங்கூட இல்லை. குழியின் செங்கற்சுவர் இற்றுப்போயிருந்தது.

அறுநூறு சாவுக்கும் மூலம் எங்கே என்று தேடிப் போனவர் கண்டது பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயை! அவள் பெயரைத் தெருவில் கூவியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். அவள்மீது பழி சுமத்தாமல் குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். குற்றம் செங்கல்லில் இருந்தது. குடிநெருக்கடி மிக்க அந்த வீதியில் மலக்குழியைக் கிணற்றருகே கட்டவிட்டு, பின்னர் பேணாமல் விட்ட நிருவாகத்தில் இருந்தது. வைற்ஹெட்டைத் தொண்டருக்கு முன்மாதிரி என்று நான் கொள்வதற்குக் காரணம் அவர் கூலி வாங்காதது மட்டுமன்று. விசாரணையின் ஈற்றில் ஒரு மனித முகம் தென்பட்டபோது அவர் அங்கே நின்றுவிடவில்லை. அந்த முகத்துக்கு அப்பால் தோண்டினார்.

நம் நாட்டு அரசு இந்தப் பாடத்தைக் கற்கவில்லை. அனுராதபுர மாவட்டத்திலும் சூழவுள்ள உலர்வலயத்திலும் 1990களிலிருந்து கமக்காரரைத் தின்றுவரும் சிறுநீரக நோய்க்குக் காரணம் பலவாறு கூறப்பட்டது. கிணற்று நீரின் கடினம், புளோரைட்டு, கட்மியம், ஆசனிக்கு, களைநாசினி, வெயிலில் நீரின்றி உழைப்பது என்று பட்டியல் நீள்கிறது. ஐயமற நிறுவப்பட்டது எதுவுமில்லை. 2015இல் கிளைபோசேட் என்ற களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. தோட்ட முதலாளியின் குரல் கொழும்புக்குக் கேட்கிறது. 2021இல், ஒரு போகத்துக்கான ஆயத்தமுமின்றி, இரசாயனப் பசளை இறக்குமதியே ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. நெல் வாடியது, கமக்காரர் வீதிக்கு வந்தனர், நவம்பரில் தடை நீங்கியது. மண்ணும் நீரும் நஞ்சாகின்றன என்ற கவலை பொய்யன்று. அக்கவலையின் பேரால், கமக்காரனைக் கேளாமலே, அவன் தலைமீது ஒரு கொள்கை கொட்டப்பட்டது.

தாதுசேனனைப்பற்றிச் சூளவம்சம் இரண்டு செய்திகள் சொல்கிறது. பொக்கிஷத்தைக் காட்டு என்று மகன் காசியப்பன் நெருக்கியபோது, மன்னன் கலாவெவயில் இறங்கி அந்த நீரையே தன் செல்வம் என்று காட்டினானாம். இதை எல்லாரும் அறிவர், மேடைதோறும் சொல்கிறோம். மற்றச் செய்தி மேடையேறுவதில்லை. அதே குளத்தைக் கட்டும்போது அணையின் வழியில் ஒரு பிக்கு தியானத்தில் ஆழ்ந்திருந்தாராம். எழுப்பியும் எழாததால் அவர்மேல் மண்ணைக் கொட்டி அணையைக் கட்டச் செய்தானாம் மன்னன். கதையோ வரலாறோ, இரண்டையும் ஒரே நூல் ஒரே மன்னனைப்பற்றிச் சொல்லியிருப்பது சிந்திக்கத்தக்கது. நீரை மாபெருஞ் செல்வமென்று போற்றியவனே வழியிலிருந்த மனிதனை மண்ணோடு மண்ணாக்கினான்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. கலேவெலப் பகுதியில் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அயலயலாக வாழ்கின்றனர். மேட்டுத் தோட்டம் ஒரு மொழிக்காரனுடையதாகவும் பள்ளத்துக் கிணறு இன்னொரு மொழிக்காரனுடையதாகவும் இருக்கலாம். நீரைக் கெடுத்தான் என்ற பழி எவ்வளவு விரைவில் ஓர் இனத்தின்மேல் ஏறும் என்பதை இந்நாட்டவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மொழியில் மட்டும் எழுதப்பட்ட கொப்பி, அதை வாசிக்கத் தெரியாதவனுக்குக் குற்றப்பத்திரிகையாகவே படும்.

அப்படியானால் போத்தலைக் கீழே வைத்துவிடலாமா? நான் அவ்வாறு கூறவில்லை. அயலானைக் காட்டிக்கொடுக்க நேருமே என்று கண்ணை மூடிக்கொள்வது அயலன்பு போலத் தோன்றும். ஆனால் கீழே கலாவெவயில் நீர் மொள்பவளும் அயலாள்தான். அவளை நாம் காணாததால் அவள் இல்லாமற் போவதில்லை. அந்த நீர்வழிக்கு மேலேயும் நம் பார்வை போகவேண்டும். 1976 முதல் பொல்கொல்லவில் மகாவலியை மறித்து, உக்குவெலச் சுரங்கம், சுது கங்கை, போவத்தென்ன வழியாகத் தம்புலு ஓயாவுக்கு நீர் திருப்பப்படுகிறது. பொல்கொல்லவுக்கு மேலே, கண்டி நகரத்தின் கழிவைச் சுமந்து மெத எல மகாவலியில் கலக்கிறது. ஆகவே நகரத்துக் கனவானும் கலாவெவக் கமக்காரனுக்கு மேட்டிலிருப்பவன்தான். வெங்காயத் தோட்டத்து வடிகாலை மட்டும் சோதித்து, பெரிய வாய்க்காலை விட்டுவிடுகிறவனை மாசு தேடுகிறவன் என்று நான் ஒப்பமாட்டேன். தன்னால் ஏசக்கூடிய ஆளைத் தேடுகிறான் அவன்.

செய்யத்தக்கது என்னவென்று என்னைக் கேட்டால், முதலில் யாருடைய நிலத்தருகே நீர் எடுக்கப்படுகிறதோ அவனையும் அழைத்துக்கொண்டு ஓடையில் இறங்க வேண்டும் என்பேன். நிறம் மாறுவதை அவன் தன் கண்ணால் காணட்டும். கருவியை அவன் கையிலே கொடுக்கலாம். ஓடையைப்பற்றி அவன் அறிந்ததில் பாதியும் நம் கொப்பியில் இல்லை. எந்த ஆண்டிலிருந்து எந்த மீன் மறைந்தது, எந்த மழைக்குப் பின் நுரை வருகிறது, எந்த மருந்து தெளித்த அன்று தவளை ஒலி நின்றது என்பதெல்லாம் அவன் வாயிலிருந்துதான் வரவேண்டும். கண்ட எண்ணை வெளியூர்ப் பத்திரிகைக்கு அனுப்புமுன் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில், சிங்களத்திலும் தமிழிலும், வாசிக்க வேண்டும். அங்கே எழும் கோபத்தையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இது தொண்டனுக்கு ஓடையில் இறங்குவதைவிடக் கடினமான வேலை.

அடுத்தது, நம் கருவி காணாததை அரசிடம் கேட்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரசைக்கும் அந்த வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. இந்த ஓடையில், இந்தக் கிணற்றில், கிருமிநாசினி எச்சம் சோதிக்கப்பட்டதா, எப்போது, விளைவென்ன என்று எழுத்தில் கேட்கலாம். ‘சோதிக்கவில்லை’ என்று பதில் வந்தால் அதையும் கொப்பியில், நைத்திரேற்று எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே பருமனான எழுத்தில் குறிக்க வேண்டும். என் நண்பரின் அச்சத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அரசின் வேலையைச் செய்து முடித்தோம் என்று கொப்பியை மூடி வைத்தால் அவர் அஞ்சியது நடந்துவிடும். அரசு செய்யாததை நிரல்படுத்தும் புத்தகமாகவும் அது இருக்குமானால், அரசு கையைக் கழுவப் போகும் இடத்தில் நாம் நீரை நிறுத்திவிட்டோம் என்று பொருள்.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் முழுதாக ஒப்பவில்லை. “அரசாங்கப் பதில் வர மாதங்களாகும்; அதற்குள் உங்கள் மாணவர் சோதனை எழுதிப் பாடசாலையை விட்டே போய்விடுவார்கள்” என்றார். உண்மைதான். பெரும்போகத்தின் முதல் மழை ஒக்டோபரில் விழும்போது, சிறுபோகம் முழுவதும் மண்ணில் தேங்கியவை ஒரே நாளில் ஓடைக்கு வரும். அந்நாளில் நீர் எடுக்க ஆள் வேண்டும். யார் யார் நிற்பது என்று தீர்மானிக்க ஒரு பெயர்ப்பட்டியல் எழுதினோம். தோட்டக்காரர் ஒருவரின் பெயரை அதில் முதலாவதாகப் போடலாமென்று நண்பரே சொன்னார். அவர் சம்மதிப்பாரா என்று இன்னும் கேட்கவில்லை.